நண்பர்களை விலக்காதீர்கள், குடியைப் பற்றிப் பேசுங்கள்

பள்ளியில் படிக்கும் பிள்ளை குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பெற்றோர் முதலில் கேட்பது, "யாரோட சேர்ந்து கெட்டுப்போன?" என்றுதான். அதே பிள்ளைக்குத் தன்பால் ஈர்ப்பு இருப்பதும் அப்போது தெரியவந்தால், இரண்டுக்கும் நண்பர்களே காரணம் என்று வீடு முடிவு கட்டிவிடும். சென்னையின் பெசன்ட் நகர் போன்ற படித்தவர்கள் நிறைந்த பகுதியிலும் இதுதான் நடக்கிறது. ஈர்ப்பு இயல்பாக வருவது, குடி பழக்கத்தில் வருவது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் எதற்கும் தீர்வு கிடைக்காது.

இந்தப் பிள்ளைகளிடம் குடி அதிகமா?

அமெரிக்காவில் மைக்கேல் மார்ஷல் குழுவினர் 18 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மது, புகை, பிற போதைப் பொருள்களைத் தொடும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிடத் தன்பால், இருபால் ஈர்ப்புள்ள பிள்ளைகளிடம் சராசரியாக 190 சதவீதம் கூடுதலாக இருந்தது. இருபால் ஈர்ப்புள்ளவர்களிடம் அது இன்னும் அதிகம்.

காரணம் ஈர்ப்பு அல்ல. தன்பால் ஈர்ப்பு நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மறைத்து வாழும் வாழ்க்கைதான் காரணம். வகுப்பில் கேலி, வீட்டில் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேச வேண்டிய கட்டாயம், யாராவது செல்போனைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம், கல்யாணப் பேச்சு வந்தாலே வயிற்றைக் கலக்குவது என்று நாள் முழுக்க உடம்பு விறைத்தே இருக்கிறது. சிறுபான்மையினருக்கென்று கூடுதலாக வரும் இந்த மன அழுத்தத்தை இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் விரிவாக விளக்கினார். மது அதைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். போதை இறங்கியதும் சோர்வும் பதற்றமும் முன்பைவிடக் கூடும். ஏறக்குறைய 25 வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருப்பதால் இளவயதில் தொடங்கும் குடி பழக்கமாக எளிதில் இறுகிவிடும்.

நண்பர்கள் எங்கே வருகிறார்கள்?

குடிக்கும் நண்பர்கள் இருந்தால் எந்தப் பிள்ளையும் குடிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தன்னைப் பற்றிய உண்மை தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்கள் நீட்டும் கிளாஸை வேண்டாம் என்று சொன்னால் இருக்கும் ஒரே இடமும் போய்விடுமோ என்ற அச்சம் வரும். பெரியவர்களின் பார்ட்டிகளிலும் இணையத்தில் அறிமுகமாகும் வயதில் மூத்தவர்களிடமும் போய்ச் சேரும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு மது கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

அதே நட்பு கவசமாகவும் நிற்கும். அமெரிக்கப் பள்ளிகளில் 1988 முதல் இந்த மாணவர்களும் அவர்களை ஆதரிக்கும் மற்ற மாணவர்களும் சேர்ந்து கூடும் மன்றங்கள் தொடங்கப்பட்டன. அப்படிப்பட்ட மன்றம் இருந்த பள்ளிகளில் படித்தவர்களிடம் மதுப் பிரச்சினை குறைவாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மனம்விட்டுப் பேசக் குடி இல்லாத ஓர் இடம் கிடைத்ததுதான் வித்தியாசம்.

வீட்டின் பங்கு

சான் பிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயன் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள் போதைப் பொருள்களை நாடியிருக்கும் வாய்ப்பு, அப்படி ஒதுக்கப்படாதவர்களைப்போல 3.4 மடங்கு. தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு 8.4 மடங்கு.

"ஈர்ப்பை மாற்றிவிடுகிறேன்" என்று சொல்பவரிடம் பிள்ளையை அழைத்துப் போவதும் ஒதுக்குவதுதான். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட, ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவிட்டார். ஒரு நீதிபதி கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பெற்றோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

குடித்திருக்கும் இரவில் விசாரணை வேண்டாம். மறுநாள் தெளிந்த பிறகு பேசுங்கள். "ஏன் குடிச்ச?" என்று கேட்பதைவிட, "எப்பல்லாம் குடிக்கணும்னு தோணுது?" என்று கேட்டால் பதில் வரும். குடியைப் பற்றிப் பேசும்போது ஈர்ப்பை இழுக்காதீர்கள். பிள்ளை சொன்னதைத் தாத்தா பாட்டிக்கோ பள்ளிக்கோ அவர் சம்மதம் இல்லாமல் சொல்லாதீர்கள். குடி விஷயத்தில் கண்டிப்பும், வீடு திரும்ப நேரமும் எல்லையும் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். நட்பை அறுக்கச் சொல்வதுதான் வேண்டாம். அந்த நண்பர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பெயர் தெரிந்துகொள்ளுங்கள், மொட்டை மாடியைத் திறந்துவிடுங்கள். எலியட்ஸ் கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசக் குடி தேவையில்லை.

பழக்கம் கையை மீறினால், 1980இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை சென்னை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது; அங்கே குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. தன்பால், இருபால் ஈர்ப்புள்ளவர்கள் உள்ளிட்ட பால்புதுமையினருக்காகச் சென்னையில் இயங்கும் 'ஓரினம்' அமைப்பு பெற்றோருக்கும் வழிகாட்டுகிறது. அரசின் டெலிமனாஸ் மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. குடித்த நண்பர் எழுப்பியும் எழவில்லை என்றால் "தூங்கட்டும்" என்று விட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருந்து, 108ஐ அழையுங்கள். வீட்டில் திட்டுவார்களே என்ற பயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.