ஈரச் சுவரின் காவலாளி

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. மழையும் மூடுபனியும் சூழும் நாட்களில் வீட்டுச் சுவர்களிலும் ஈரம் ஊறும். இரவில் குளியலறை விளக்கைப் போட்டதும் சுவரில் ஏதோ விர்ரென்று ஓடினால், உடனே செருப்பைத் தேடாதீர்கள். ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

சிறிய உடல்; அதைச் சுற்றி மயிரிழை போல நீண்ட கால்கள், மொத்தம் 15 ஜோடி. இது பூரானில் ஒரு வகை. முட்டையிலிருந்து வெளிவரும்போது இதற்கு 4 ஜோடிக் கால்கள்தான். தோலுரிக்கத் தோலுரிக்கத்தான் மற்ற கால்கள் முளைக்கும். எதிரியிடம் ஒரு கால் சிக்கினால், அதைக் கழற்றிவிட்டுத் தப்பிவிடும். பிறகு தோலுரிக்கும்போது புதுக் கால் வளரும்.

கரப்பான், ஈ, கரையான், சிலந்தி, இவையே இதன் இரை. நம் அரிசியையும் துணியையும் தொடாது. நம்மைக் கண்டால் ஓடி ஒளியும். கடிப்பது மிக அரிது. ஆனால் தடித்த உடலும் குட்டைக் கால்களும் கொண்ட பெரிய பூரான் வேறு. அது கடித்தால் கடுமையாக வலிக்கும், எச்சரிக்கை தேவை.

நீண்ட கால் பூரானை வீட்டில் வைத்திருக்க மனமில்லையா? டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்துக் கல்லருகே விட்டுவிடுங்கள். அங்கேயும் அது நமக்காகவே வேட்டையாடும்.