‘அம்மா வந்துச்சு’ மரியாதைதான்... ‘அய்யா வந்தாய்ங்க’தான் வம்பு!

போஸ்டிங் எழுமலைன்னு ஆர்டர் வந்துடுச்சா? சென்னையில வளர்ந்தவர்னா, உசிலம்பட்டியில பஸ் மாறும்போதே உங்க காதுக்கு வேலை ஆரம்பிச்சிடும்.

முதல்ல ஊர்ப் பேரு. எழுதுறது ‘எழுமலை’. பஸ்ல காதுல விழுறது பெரும்பாலும் ‘எளுமலை’. மதுரை, நெல்லைப் பக்கப் பேச்சுல ழகரம் ளகரமா ஒலிக்கிறது பழைய வழக்கம். திருத்தப் போயிடாதீங்க. பழைய சென்னைப் பேச்சுல வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகலையா?

உண்மையான சிக்கல் மரியாதையில இருக்கு. ‘பருத்திவீரன்’, ‘சுப்ரமணியபுரம்’ பார்த்துட்டு, மதுரைத் தமிழ்னாலே ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’தான்னு நினைச்சிருப்பீங்க. ‘ங்க’ன்னு முடியுதே, மரியாதையாத்தானே இருக்கும்னும் தோணும். அங்கதான் சறுக்கும். ‘வந்தான்’ என்பதோட பன்மை ‘வந்தான்கள்’. அதுதான் பேச்சுல தேய்ஞ்சு ‘வந்தாய்ங்க’ ஆச்சு. ‘அவன்கள்’ ‘அவய்ங்க’ ஆனதும் இப்படித்தான். கூட்டாளிகளைப் பத்திப் பேச, கோபத்துல திட்ட இது சரி. வீட்டு ஓனரோட மகன்கிட்ட, “உங்க அப்பா வந்தாய்ங்களா?”ன்னு கேட்டீங்கன்னா முகம் மாறிடும். பெரியவங்களுக்கு ‘வந்தாங்க’, இல்லன்னா ‘வந்தாக’.

இதுக்கு நேர்எதிரா இன்னொண்ணு. “அம்மா வந்துச்சு”, “அப்பத்தா வையும்”னு சொல்றதைக் கேட்டு, ‘என்ன, பெத்தவளை அஃறிணையில பேசுறாங்க’ன்னு பதறாதீங்க. அது பாசம், உரிமை. (வையுறதுன்னா திட்டுறது. எதையோ எங்கேயோ வைக்கிறது இல்ல.) ஆக, மரியாதை மாதிரி கேட்குறது மரியாதை இல்ல, இல்லாத மாதிரி கேட்குறதுலதான் அன்பு இருக்கு.

நர்ஸாவோ டாக்டராவோ வர்றவங்களுக்கு இந்தக் காது இன்னும் அவசியம். “மேலு வலிக்குது”ன்னா உடம்பு வலி. “மேலுக்கு முடியல”ன்னா உடம்பு சரியில்ல. “கிறக்கமா வருது”ன்னா மயக்கமா வருது. புரியாம தலையாட்டிட்டு மாத்திரை எழுதுறதைவிட, “அப்படின்னா எப்படிப்பா பண்ணுது?”ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சந்தோஷமா உடம்பைத் தொட்டுக் காட்டி விளக்குவாங்க.

இதெல்லாம் ‘கொச்சை’ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தொல்காப்பியமே வட்டாரச் சொல்லுக்குத் ‘திசைச்சொல்’னு தனி இடம் கொடுத்திருக்கு. கரிசல் பேச்சுக்கு கி.ராஜநாராயணனும், கொங்குப் பேச்சுக்குப் பெருமாள்முருகனும் அகராதியே தொகுத்திருக்காங்க.

ஆனா, வந்த மறுநாளே ‘அங்கிட்டு, இங்கிட்டு’ன்னு இழுத்துப் பேச ஆரம்பிக்காதீங்க. கிண்டல் பண்றீங்கன்னுதான் நினைப்பாங்க. ‘அண்ணே’, ‘அக்கா’, ‘அய்யா’ போதும். மத்ததெல்லாம் டீக்கடையில நின்னு கேட்கக் கேட்கத் தானா ஒட்டிக்கும்.

அதுவரைக்கும் அவசரத்துக்கு ரெண்டு. “நாளைக்கு வெள்ளன வாங்க”ன்னா காலையில சீக்கிரமா வரணும். எத்தனை மணின்னு கேட்டு வச்சுக்கோங்க. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் “வெஞ்சனம் என்ன வைக்க?”ன்னு கேட்டா முழிக்காதீங்க. தொட்டுக்க என்ன வேணும்னுதான் கேட்குறாங்க.