பால் குடியாத சிசுவும் தாயின் அரவணைப்பும்

கைக்குழந்தை பால் குடியாமல் அழுதால், ‘உரம் விழுந்துவிட்டது’ எனக் கூறித் துணியிலிட்டு உருட்டுவது கள்ளக்குறிச்சி உள்ளிட்ட நம் தமிழகக் கிராமங்களில் நெடுங்கால வழக்கம். பெரியோரின் அன்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் சிசுவின் கழுத்து வலுவற்றது. வேகமாகக் குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு நேரலாம்.

மென்மையான தொடுதலோ பெரும்பயன் தருவது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல், எடை குறைந்த சிசுவைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து அணைத்துக் கட்டும் முறை தொடங்கிற்று. ‘கங்காரு பராமரிப்பு’ எனப்படும் இதனால் உடற்சூடு நிலைபெறும். சிசு தானே மார்பைத் தேடும். பால் அருந்துகையில் தாடையையும் கன்னங்களையும் விரல்களால் மெல்லத் தாங்குதல் நன்று. விழித்திருந்தும் உறிஞ்ச இயலாத சிசுவுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டலாம். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடை இன்று மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது.

நன்கு குடித்துவந்த சிசு திடீரென மறுத்தால், துவண்டால், உடல் குளிர்ந்தால், மூச்சு வாங்கினால் அது உரமன்று, நோயின் அறிகுறி. தாமதியாது 108-ஐ அழைத்தல் அவசியம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு இறங்கும் வழிநெடுக, சிசுவைத் தாயின் மார்புச் சூட்டிலேயே கொண்டு செல்வோமாக!