பீரங்கிக் குண்டு எழுதிய எல்லை: ஊர்க் கதையைச் சுவரில் வரைய ஆதாரம் எங்கே தேடலாம்?

கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடினு ஒரு ஊர் இருக்கு. பேரில் ஏன் ‘குண்டு’?

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனி வாங்கியது. அதுதான் புனித டேவிட் கோட்டை. பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்பது பேச்சு. அவைதான் ‘குண்டு கிராமங்கள்’.

இதை ஊர்ச் சுவரில் வரைய நினைக்கும் கலைஞர் எங்கே போகலாம்?

அரசு ஆவணம்: எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கோட்டை நிர்வாகக் குறிப்புகள் அச்சு நூல்களாகவும் வந்துள்ளன.

பழைய நூல், இதழ்: சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போனிலேயே படிக்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

படங்கள்: சிதம்பரம் போன்ற கோயில்களின் சிற்பங்களை வரைய, 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு.

நிதி: பெங்களூரு ஐ.எஃப்.ஏ. அமைப்பு கலைஞர்களுக்கு நல்கை தருகிறது.

காப்பகம் மட்டும் போதுமா?

போதாது. கோட்டைக் குறிப்புகள் கம்பெனிக்காரர்கள் எழுதியவை. குண்டு யார் ஊரில் விழுந்ததோ, அவர்கள் தரப்பை அதில் தேடத்தான் வேண்டும். அது பாட்டி சொல்லும் கதையில், பழைய பத்திரத்தில், கல்யாண ஆல்பத்தில் இருக்கலாம். 2004 சுனாமி தாக்கிய தேவனாம்பட்டினத்தில் மிஞ்சிய ஒரு போட்டோகூடப் பொக்கிஷம்தான்.

அதனால் ஒரிஜினலை வாங்கிட்டுப் போகாதீங்க. அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுங்க. ஒருவர் முகத்தைச் சுவரில் வரையும் முன் குடும்பத்திடம் கேளுங்க. தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகப்போவது அவங்கதான்.