சென்னை ஓபனை வென்ற ஜேனிஸ் ஜென்... கோவை நிருபமாவை 134-வது இடத்தில் நிறுத்தியது எது? எளிய விளக்கம்

2025 நவம்பர் 2, சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானம். மழை விட்டு விட்டு விரட்டிய அந்த வாரத்தின் கடைசி நாளில், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிர்ரெலை 6-4, 6-3 என வீழ்த்தி சென்னை ஓபன் கோப்பையைத் தூக்கினார் 23 வயது ஜேனிஸ் ஜென். இந்தோனேசியப் பெண் ஒருவர் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வெல்வது 2002-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

அந்த வருஷம் தொடங்கும்போது அவருடைய ரேங்க் 400-ஐத் தாண்டி எங்கேயோ இருந்தது. பத்தே மாதத்தில் முதல் 60-க்குள் வந்துவிட்டார். இது எப்படி நடந்தது? நம்ம ஊர்ப் பெண்களுக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? இதற்குப் பதில் தெரிய, கோயம்புத்தூரில் பிறந்த இன்னொரு வீராங்கனையின் கதையையும் சேர்த்துப் பார்க்கணும்.

யார் இந்த ஜேனிஸ் ஜென்?

2002-ல் ஜகார்த்தாவில் பிறந்தவர். பள்ளி முடித்த கையோடு புரொஃபஷனல் டென்னிஸில் குதிக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் முதலில் ஓரிகன் பல்கலைக்கழகம், பிறகு கலிபோர்னியாவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகம் என கல்லூரி அணிகளில் ஆடினார். 2024-ல் படிப்பை முடித்த பிறகுதான் முழுநேர ஆட்டம்.

சின்னச் சின்ன ஐடிஎஃப் போட்டிகளில் வரிசையாக ஜெயித்து, 2025 அமெரிக்க ஓபனுக்குத் தகுதிச் சுற்று வழியாக உள்ளே வந்தார். முதல் சுற்றிலேயே 24-ம் நிலை வீராங்கனை வெரோனிகா குதர்மெடோவாவை மூன்று செட்டில் வென்றார். அடுத்த சுற்றில் எம்மா ரடுகானுவிடம் தோற்றார். ஆனால் அதற்குள் ரேங்க் ஏணியில் கால் ஊன்றியாச்சு.

இந்தோனேசியாவுக்கு இது புதுசும் அல்ல. அந்த நாட்டின் யாயுக் பாசுகி 1997-ல் விம்பிள்டன் காலிறுதி வரை போனவர். அதே வருஷம் உலகின் 19-வது இடத்தையும் தொட்டவர்.

சரி, நிருபமா யார்?

யாயுக் உச்சத்தில் இருந்த அதே காலத்தில்தான் நம்ம நிருபமா வைத்தியநாதனும் ஆடிக்கொண்டிருந்தார். 1976-ல் கோவையில் பிறந்தவர். அப்பா கே.எஸ்.வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர். ஐந்து வயதில் ராக்கெட் பிடித்த நிருபமா, 14 வயதிலேயே தேசிய மகளிர் சாம்பியன் ஆனார்.

1998 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். புரொஃபஷனல் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிந்தைய 'ஓபன் காலத்தில்', கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். சானியா மிர்சா வருவதற்கு ஏழு வருஷம் முன்பே நடந்தது இது. அதே வருஷம் பாங்காக் ஆசியப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையர் வெண்கலம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்.

இவ்வளவு செய்தவரின் வாழ்நாள் சிறந்த ஒற்றையர் ரேங்க் 134. கேட்கும்போது பெரிசாகத் தெரியாத எண்தான். ஆனால் டென்னிஸில் 100-க்கும் 134-க்கும் நடுவில் ஒரு பெரிய மதில் இருக்கிறது.

ரேங்க் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தேனி மாவட்டம் வடுகபட்டி பூண்டு மார்க்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். போன வருஷம் இதே வாரம் உங்க மூட்டை நல்ல விலைக்குப் போயிருக்கலாம். அதைச் சொல்லி இந்த வாரம் விலை கேட்க முடியாது. இப்போ என்ன சரக்கு கொண்டு வந்திருக்கீங்க என்பதுதான் பேச்சு.

டென்னிஸ் ரேங்கும் அப்படித்தான். கடைசி 52 வாரங்களில் எடுத்த புள்ளிகளுக்குத்தான் மதிப்பு. சென்னை ஓபன் மாதிரியான போட்டியில் பட்டம் வென்றால் 250 புள்ளி. கிராண்ட்ஸ்லாம் வென்றால் 2,000. ஒரு வருஷம் முடிந்ததும் பழைய புள்ளி கழிந்துவிடும். அதே அளவு மறுபடி எடுக்கணும், இல்லையென்றால் ரேங்க் சரியும். காயம் பட்டு ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தாலும், கையில் காசில்லாமல் போட்டிக்குப் போகாமல் விட்டாலும் விளைவு ஒண்ணுதான்.

100-வது இடத்தில் அப்படி என்ன இருக்கு?

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் மொத்தம் 128 பேர் ஆடுவார்கள். இப்போதைய விதிப்படி 104 பேர் ரேங்க் அடிப்படையில் நேரடியாக உள்ளே வருகிறார்கள். 16 பேர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வரணும். மீதி 8 இடம் வைல்டு கார்டு.

இப்போ பணத்தைப் பாருங்க:

▪ 2025 அமெரிக்க ஓபனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,10,000 டாலர் கிடைத்தது.

▪ மகளிர் புரொஃபஷனல் டென்னிஸின் கீழ்ப்படியான ஐடிஎஃப் டபிள்யூ-15 போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். முதல் சுற்றில் தோற்றால் 200 டாலர் கூட கைக்கு வராது. விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, பயிற்சியாளர் செலவு எல்லாம் சொந்தக் கணக்கு.

அதாவது நூறுக்குள் இருந்தால் வருஷத்துக்கு நாலு கிராண்ட்ஸ்லாம், தோற்றாலும் சம்பளம் மாதிரி பணம். நூறுக்கு வெளியே இருந்தால் ஜெயித்தாலும் செலவுக்குக் கட்டுபடியாவது சிரமம். நிருபமா ஆடிய காலத்தில் பரிசுத் தொகை இதைவிடக் குறைவு. அந்த மதிலுக்கு வெளியே நின்றபடிதான் அவர் ஆடினார். இந்தியாவில் இருந்துகொண்டு ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போய் வர முடியாது என்பதால் லக்சம்பர்க்கைத் தளமாக வைத்துக்கொண்டார். வருஷம் முழுக்கக் கூடவே வர பயிற்சியாளர், பிசியோ என்பதெல்லாம் அன்றைக்கு எட்டாத விஷயம்.

ஆக, 134 என்பது திறமையை மட்டும் காட்டும் எண் அல்ல. ஒருத்தரால் எத்தனை வாரம் ஊர் ஊராகப் போய்த் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பதும் அதற்குள் இருக்கிறது.

ஜேனிஸுக்கு எது கை கொடுத்தது?

கல்லூரி. 18 வயது முதல் 22 வயது வரைதான் ஒரு ஆட்டக்காரருக்கு வரவு குறைவு, செலவு அதிகம். அந்த நாலு வருஷம் அமெரிக்கக் கல்லூரி அணியில் இருந்தால் மைதானம், பயிற்சியாளர், உடற்பயிற்சிக் கூடம், வாராவாரம் தரமான ஆட்டம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். நன்றாக ஆடுபவர்களுக்குப் படிப்புக்கான உதவித்தொகையும் உண்டு. டென்னிஸ் கைகூடவில்லை என்றாலும் டிகிரி கையில் இருக்கும்.

தேனிப் பக்கம் இருந்து ஒரு பொண்ணு ஆட ஆசைப்பட்டா?

வழி இருக்கிறது, நீளமான வழி. முதலில் அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் 12, 14, 16, 18 வயதுப் பிரிவுப் போட்டிகள். 13 வயதிலிருந்து சர்வதேச ஜூனியர் போட்டிகள். அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும்.

ஒன்று, சின்ன வயதிலேயே வெளிநாட்டு அகாடமி. கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் ஸ்பெயினில் ரஃபேல் நடால் அகாடமியில் பயிற்சி பெற்றவர். 15 வயதில், 2025 பிப்ரவரியில் மும்பை ஓபன் அரையிறுதிக்கு வந்து அசத்தினார்.

இன்னொன்று, ஜேனிஸ் போன கல்லூரிப் பாதை. பிளஸ் டூ வந்ததும் "படிப்பா, ஆட்டமா?" என்று வீட்டில் எழும் கேள்விக்கு இரண்டும்தான் என்று சொல்ல முடிகிற பாதை இது. ஆனால் இதற்கும் ஜூனியர் போட்டிகளில் நல்ல ரேங்க், ஆங்கிலம், மதிப்பெண் மூன்றும் வேணும். அதற்கான வேலையை பத்தாம் வகுப்பிலேயே தொடங்கணும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் 'எலைட்', 'மிம்ஸ்' போன்ற நிதித் திட்டங்கள் உண்டு. ஆனால் அவை ஓரளவு சாதித்துக் காட்டியவர்களுக்குத்தான். முதல் சில வருஷச் செலவு இன்றைக்கும் குடும்பத்தின் தலையில்தான்.

நிருபமா இப்போ என்ன செய்கிறார்?

திருமணத்துக்குப் பிறகு நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் மறுபடி இந்தியாவுக்காகக் களமிறங்கினார். 2013-ல் 'தி மூன்பாலர்' என்ற பெயரில் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். பந்தை உயரமாகத் தூக்கி, எதிராளியின் கோட்டுக்குப் பக்கத்தில் இறக்குவதற்குப் பெயர்தான் மூன்பால். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறி, அங்கே குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்து வருகிறார்.

நுங்கம்பாக்கத்தில் ஜேனிஸ் கோப்பை தூக்கியதை நேரில் பார்த்த சிறுமிகளில் யாராவது ஒருத்தி நாளைக்கு ராக்கெட் பிடிக்கலாம். அவள் எவ்வளவு நன்றாக ஆடுகிறாள் என்பதோடு, 18 வயதில் அவளுடைய டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அவளுடைய ரேங்கை முடிவு செய்யும்.