மன்றாடியார் என்றொரு பெயர்: அன்றும் இன்றும்

1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் கிழக்கிந்தியக் கம்பெனி தூக்கிலிட்ட மனிதரின் பெயர் தீர்த்தகிரிச் சர்க்கரை மன்றாடியார். காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர். காங்கேயம் பேருந்து நிலையத்தில் நின்று இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் யோசிப்பார்கள். தீரன் சின்னமலை என்று சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கதை சொல்லும்.

மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தான் என்று உங்கள் திவானிடம் போய்ச் சொல்” என்று ஆளை அனுப்பினார் என்பது ஊரறிந்த கதை. அந்த ஒரு வாய்ச்சொல் அவருடைய குடும்பப் பெயரையே விழுங்கிவிட்டது. திருச்சி பக்கத்து அரசுப் பேருந்துகளில் 1997 வரை அவர் பெயர் ஓடியது. 2005-இல் அஞ்சல்தலை வந்தது. எதிலும் மன்றாடியார் இல்லை, சின்னமலைதான். (சென்னை சைதாப்பேட்டைச் சின்னமலையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தோமையார் கதையைச் சேர்ந்த குன்று.)

அப்படியானால் மன்றாடியார் யார்?

காங்கேயம் வட்டாரத்தில் இந்தப் பெயரோடு சட்டென்று நினைவுக்கு வருவது பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம், அதாவது பட்டம் கட்டிய தலைவர் வீடு. கொங்குக் கவுண்டர்களில் பயிரன் கூட்டம், அதாவது பயிரன் குலம். ‘நல்லசேனாபதி சர்க்கரை மன்றாடியார்’ என்று தலைமுறை தலைமுறையாக நீளும் பெயர். சின்னமலையும் இந்தக் கூட்டத்துக் கிளைதான். பக்கத்திலேயே காடையூர்ப் பட்டக்காரர்களுக்குக் ‘காங்கேய மன்றாடியார்’ என்ற பட்டம். பட்டம் எப்படி வந்தது என்று கேட்டால் சோழன் கொடுத்தான், பாண்டியன் கொடுத்தான் என்று குடும்பத்துக்கு ஒரு வரலாறு வரும். ‘சர்க்கரை’ எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஊருக்கு ஒரு கதை உண்டு, எல்லாம் இனிப்பானவை.

அரசன் கதைகளைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சொல்தான். மன்று என்றால் சபை, வழக்குத் தீர்க்கும் இடம். நீதிமன்றத்தில் இன்றும் இருப்பது அதே மன்று. மன்றில் நின்று பேசுவது மன்றாடுவது. பின்னாளில் அது கெஞ்சுவதாகத் தேய்ந்து, கத்தோலிக்கத் தேவாலயத்தில் மன்றாட்டாக நிலைத்தது. ஆனால் மன்று என்பதற்கு மாட்டுத்தொழு என்றும் ஒரு பொருள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் மன்றாடி என்று வருபவர் பெரும்பாலும் ஆட்டு மந்தைக்காரர். கோயிலில் நந்தா விளக்கு எரிய ஒருவர் ஆடுகளைத் தானம் செய்வார். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு, தஞ்சைப் பெரிய கோயிலில் 96. அவற்றைப் பொறுப்பேற்று, நாள் தவறாமல் நெய் அளக்க ஒப்புக்கொள்பவர் மன்றாடி. மந்தை செத்தும் போகாமல் கிழடும் தட்டாமல் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர்.

ஒருபுறம் நாட்டாமை, இன்னொருபுறம் மேய்ப்பர். பட்டக்காரர் பட்டம் சபையிலிருந்து வந்ததா, தொழுவிலிருந்து வந்ததா என்று புலவர்கள் வாதாடலாம். காங்கேயத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. மழை குறைந்த மேட்டு நிலம், கிளுவை வேலி போட்ட கொரங்காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேலமரம். இந்த ஊரில் செல்வம் என்றாலே காலில் நடப்பதுதான். மாடு அதிகம் வைத்திருந்தவர் பேச்சு சபையில் எடுபட்டிருக்கும்.

அந்தப் பெயருக்கு உலகப் புகழ் வந்ததும் மாட்டால்தான். காங்கேயம் இனத்தைப் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கிய பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை, வெள்ளைக்காரக் கால்நடை அதிகாரிகளின் நூல்களில் இடம்பிடித்தது. ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 1953-இல் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் திமில் மாடுகள் பற்றிய நூலிலும் பழையகோட்டைப் பட்டக்காரர் வருகிறார். அந்த மாடுகளை விடிகாலையில் அவிழ்த்து, வெயிலில் மேய்த்து, கன்று போடும் இரவில் தொழுவத்தில் கண் விழித்துக் கிடந்த பண்ணையத்து ஆட்களான மாதாரிச் சாதியினரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் பெயருக்குப் பின்னால் ‘ஆர்’ வந்ததில்லை; சாதிதான் வந்தது. மன்றாடியார் என்ற பெயரின் வரலாற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்குத் தப்பு.

பெயர் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? பட்டம் என்பது அப்பனிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒழுகும் சொத்தாக இருந்ததில்லை. பட்டம் கட்டியவர் வீட்டோடும் நெருங்கிய பங்காளிகளோடும் அது நின்றுவிடும். மற்றவர்கள் எல்லாம் கவுண்டர்தான். அதே பயிரன் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மன்றாடியார் ஆகாமலே வாழ்ந்தன. கொங்கில் உண்மையான குடும்பப் பெயர் என்றால் அது கூட்டத்தின் பெயர்: காடை, ஆந்தை, தூரன், பயிரன். ஆனால் அதைக் கையெழுத்தில் போடுவதில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மட்டும், “நீங்க என்ன கூட்டமுங்க, எந்தக் கோயலுங்க?” என்று மெதுவாகக் கேட்பார்கள். ஒரே கூட்டமாக இருந்தால் அண்ணன் தங்கை முறை, காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

பாலக்காட்டுப் பக்கம் போனால் இதே பெயர் மன்னாடியார் என்று மலையாளத்தில் இருக்கிறது. பவபூதியின் உத்தரராமசரிதத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்த சாத்துக்குட்டி மன்னாடியார் பாலக்காட்டுக்காரர். 1993-இல் வந்த ‘துருவம்’ படத்தில் மம்முட்டியின் பாத்திரத்துக்கு நரசிம்ம மன்னாடியார் என்று பெயர் வைத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் சினிமாக் கதாநாயகன் பெயர், இந்தப் பக்கம் பெரும்பாலும் அழைப்பிதழில் வரும் பெயர்.

இந்தப் பக்கம் குறைந்ததற்குக் காரணம் உண்டு. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. சிவகங்கை இராமச்சந்திரன் தன் பெயரிலிருந்து ‘சேர்வை’யை வெட்டினார். ஈரோட்டிலிருந்து கிளம்பிய அந்தக் காற்று காங்கேயத்துக்கு வரக் கொஞ்சம் தாமதமானது, ஆனால் வந்தது. என் தாத்தா கையெழுத்தில் கவுண்டர் இருந்தது. அப்பா கையெழுத்தில் இல்லை. எனக்கு ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பட்டக்காரர் வீட்டுப் பெயர் மட்டும் அவ்வளவு சீக்கிரம் கழன்றுவிடவில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. சார்பில் காங்கேயத்தில் வென்றவர் ராஜ்குமார் மன்றாடியார். பட்டங்களை உதறச் சொன்ன இயக்கத்தின் வழிவந்த கட்சி, பட்டப்பெயரோடு வென்ற வேட்பாளர். நம் ஊர் அரசியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இன்று காங்கேயத்தைச் சுற்றி அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும்தான். களத்தில் தேங்காய் உடைக்கும் பையன் பீகாரிலிருந்து வந்திருக்கலாம். அவனுடைய ஆதார் அட்டையில் பெயருக்குப் பின் குமாரோ சாவோ இருக்கிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நம் பையனுக்குத்தான் பாஸ்போர்ட் படிவத்தில் ‘சர்நேம்’ கட்டம் வந்தால் பேனா நிற்கிறது. அப்பா பெயரை அங்கே போடுகிறான். ஸ்பெயினிலிருந்து ஆர்டர் கொடுப்பவன் கையெழுத்தில் இரண்டு குடும்பப் பெயர். ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. ஜாரா கடையை 1975-இல் தொடங்கிய அமான்சியோ ஒர்தேகா காவோனாவின் பெயரில் காவோனா அம்மா வழி வந்தது. நம் இனிஷியலில் அம்மாவின் கூட்டத்துக்கு இடமே கிடையாது. அவள் பிறந்த வீட்டிலிருந்து சீர் கொண்டு வரும் தாய்மாமன் ஒருவர்தான் அதற்குச் சாட்சி.

மன்றாடியார்களுக்கு வேறு சிக்கல். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ற’ ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு இன்னொரு மாதிரி. நடுவில் வரும் ஆங்கில ‘D’ ஒரு காகிதத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒரே பெயர் கணினியில் மூன்று குடும்பமாகிவிடும்.

மாடு மட்டும் தன் பெயரை விடவில்லை. பழையகோட்டையில் காங்கேயம் மாடுகளுக்கென்றே இப்போதும் சந்தை கூடுகிறது. அங்கே காளையைக் கயிற்றில் பிடித்து நிற்பவர்களிடம் மன்று என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார்கள். பல்லைப் பார்த்து வயதும், திமிலைப் பார்த்து இனமும் சொல்லிவிடுவார்கள்.

ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஏதாவது இருந்தால், செல்லரிப்பதற்குள் எடுத்துப் படித்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கீழே சாட்சிகள், நாற்புறமும் காடு வைத்திருந்தவர்கள் என்று எல்லார் பெயரும் முழுசாக அதில்தான் இருக்கும்.