உங்களுக்குத் தெரியுமா? 'இலவச' 100 பவுண்டின் கணக்கு

ஆன்லைன் கேசினோ ஒன்று 100 பவுண்டு போனஸ் தருகிறது. நிபந்தனை '35 மடங்கு'. அதாவது, 3,500 பவுண்டுக்குப் பந்தயம் கட்டி முடித்த பிறகே அந்தப் பணத்தை வெளியே எடுக்கலாம்.

நஷ்டப்படாமல் கட்டி முடிக்க ஒரு குறுக்குவழி இருப்பதுபோலத் தோன்றும். ரூலெட்டில் சிவப்பில் 10, கறுப்பில் 10 என இரண்டு பக்கமும் கட்டினால், ஒன்று போனாலும் இன்னொன்று வந்துவிடும் அல்லவா? ஆனால் ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, மிச்சம் ஒரு பச்சைப் பூஜ்யம். பந்து அதில் விழுந்தால் இரண்டும் காலி. எப்படிக் கட்டினாலும் சராசரியாக 2.7 சதவீதம் கேசினோவுக்கு. 3,500-க்கு ஏறக்குறைய 95 பவுண்டு. போனஸில் மிஞ்சுவது ஐந்தே பவுண்டு! அமெரிக்கச் சக்கரத்தில் பூஜ்யம் இரண்டு, அங்கே 5.26 சதவீதம், கைப்பணமும் சேர்ந்து போகும்.

அந்த ஐந்தும் கிடைப்பது சந்தேகம்தான். இப்படி இருபக்கமும் கட்டுவதைப் பல நிறுவனங்கள் 'முறையற்ற ஆட்டம்' என்று விதியிலேயே எழுதிவைத்து, போனஸை ரத்து செய்துவிடும். ரூலெட்டில் கட்டியதில் பத்தில் ஒரு பங்கைத்தான் கணக்கில் சேர்ப்பதும் உண்டு. சில இடங்களில் அதுவும் கிடையாது. ஸ்லாட்டுக்கு மட்டும் தாராளமாக முழுக் கணக்கு. கேசினோவின் பங்கு பொதுவாக அதில்தானே அதிகம்!

பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2026 ஜனவரி முதல் இந்த மடங்குக்கு 10 என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. அதே 100 பவுண்டுக்கு இனி 1,000 கட்டினால் போதும். ஒற்றைப் பூஜ்யம் விழுங்குவது சராசரியாக 27.